பேச்சில் முரண்: பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபி, பவானி, ஈரோடு பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பிள்ளைகள் கேட்பது, கூட வரும் பெற்றோர் கேட்பது, ஆசிரியர்கள் போனில் கேட்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: எதிரெதிரான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேசுவது எப்படி? அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. இலக்கணப் பகுதியைச் சுருக்கமாகவே வைத்திருக்கிறேன், அதற்குப் பாடநூல் இருக்கிறது.

எதிர்ச்சொல் இரண்டைச் சேர்த்துவிட்டால் முரண் வந்துவிடும்தானே?

வராது. "இரவும் பகலும் உழைத்தார்" என்பதில் இரவு இருக்கிறது, பகல் இருக்கிறது, முரண் இல்லை. இரண்டும் சேர்ந்து 'எப்போதும்' என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. கேட்பவர் மனதில் எதுவும் மோதவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் எல்லோருக்கும் தெரிந்த குறள்: "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு." தீயும் நாவும் எந்த அகராதியிலும் எதிர்ச்சொற்கள் கிடையாது. ஆனாலும் இங்கே அவை ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கின்றன. காரணம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார் வள்ளுவர்: சுடுவது. சுடுவதில் இரண்டும் ஒன்று. ஆறுவதில்தான் வேறு. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் வேற்றுமை அணிக்கு இலக்கணம் சொல்லும்போது 'ஒப்புடை இருபொருள்' வேற்றுமைப்பட வர வேண்டும் என்றுதான் சொல்கிறது. முதலில் ஒப்பு இருக்க வேண்டும், அதற்குமேல்தான் வேற்றுமை.

பயிற்சியில் நான் விடாமல் கேட்கும் கேள்வியும் இதுதான்: "சரி கண்ணு, இந்த ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குது?" பதில் வரவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன். கீழே வரும் பதில்களிலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முரண் தொடை, விரோத அணி, வேற்றுமை அணி: தேர்வுக்கு எப்படிப் பிரித்துக்கொள்வது?

செய்யுளில் சொற்கள் அமையும் இடத்தை வைத்துச் சொல்வது தொடை. அடிகளின் தொடக்கத்திலோ ஓர் அடியின் சீர்களுக்குள்ளோ சொல்லும் பொருளும் முரணி வந்தால் அது முரண் தொடை. மோனை, எதுகைக்கு இருப்பதுபோல இதற்கும் இணை, பொழிப்பு, ஒரூஉ என்று வகைகள் உண்டு. இருள் பரந்தது போன்ற நீர், அடுத்த அடியில் நிலவைக் குவித்தது போன்ற வெண்மணல், அதற்கடுத்து இரும்பு போன்ற புன்னைக் கிளை, கடைசியில் பொன் போன்ற பூந்தாது என்று போகும் பழைய கடற்கரைப் பாட்டு ஒன்றை அடி முரணுக்குக் காட்டுவார்கள். விரோத அணியில் மாறுபட்ட சொல்லையும் பொருளையும் சேர்த்து அந்த மாறுபாட்டையே சுவையாக்குவார்கள். வேற்றுமை அணியை மேலே பார்த்துவிட்டோம்.

மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும். மேடையில் எந்த நடுவரும் "தம்பி, நீ சொன்னது கூழை முரணா, முற்று முரணா?" என்று கேட்கப் போவதில்லை.

நம் கொங்குப் பேச்சில் இதெல்லாம் இருக்கிறதா? நாம் மரியாதையாகப் பேசுகிறவர்கள் ஆயிற்றே?

அந்த மரியாதைக்குள்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் எழுந்து இலை எடுத்த பிறகு ஒருவர் வந்து நிற்கிறார். வாசலில் இருக்கும் பெரியவர் என்ன கேட்பார்? "ஏனுங் மாப்பிள்ளை, வெள்ளெனவே வந்துட்டீங்களாட்ட இருக்குது?" வெள்ளெனவே என்றால் சீக்கிரமே. வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. மரியாதைக்குச் சேர்க்கும் 'ங்' இருக்கிறது, முறை சொல்லிக் கூப்பிட்டாயிற்று, முகத்தில் சிரிப்பும் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் மட்டும் அந்த ஒரு கேள்வியில் அளந்து காட்டப்பட்டுவிட்டது. திட்டியிருந்தால் வந்தவர் பதிலுக்கு ஏதாவது பேசலாம். இதற்கு என்ன பேச முடியும்? "பஸ் கிடைக்கலீங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

புகழ்வது போலப் பழிக்கும் இந்த வித்தைக்கு வஞ்சப் புகழ்ச்சி என்று பெயர். வெளியூர்க்காரர்கள் நம் ஆட்களைப் பார்த்து "பேச்சு அவ்வளவு பணிவா இருக்குதே" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பழமொழிகளில் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. இவை கொங்குக்கு மட்டும் உரியவை என்று சொல்ல வரவில்லை, ஆனால் இங்கே தினமும் புழங்குகின்றன. "மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி." உடைத்தது ஒன்றுதான், சட்டியும் ஒன்றுதான். உடைத்த கை மாறியதும் சட்டியின் விலை ஏறிவிடுகிறது. ஒரு வீட்டின் அதிகாரம் முழுவதையும் ஆறே சொற்களில் சொல்லிவிட்டார்கள். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்பது இன்னொரு வகை. அங்கே கூழும் மீசையும் பகையாளிகள் அல்ல, இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொள்ள நினைக்கும்போதுதான் சிக்கல்.

பிள்ளைகளுக்குச் சொல்வேன்: புத்தகத்தில் தேடுவதற்கு முன் வீட்டில் அமுச்சி (அம்மாவின் அம்மா) பேசுவதை ஒரு நாள் கவனித்துக் கேட்டுவிட்டு வா.

சங்கப் பாட்டிலிருந்து ஒரே ஒரு உதாரணம் எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள்?

புறநானூறு 95. சந்தேகமே இல்லை. அதுவும் நமக்குப் பக்கத்து ஊர் சமாச்சாரம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி.

தொண்டைமானுக்கும் அதியமானுக்கும் பகை. ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான், பார்த்துப் பயப்படட்டும் என்று. ஔவையார் பாடுகிறார். 'இவ்வே' என்று தொடங்கி அவனுடைய ஆயுதங்களைப் புகழ்கிறார்: மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. பிறகு 'அவ்வே' என்று தன் தலைவன் அதியமானின் ஆயுதங்களுக்கு வருகிறார்: பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன.

முடிந்தது. "உன் படை போர் பார்க்காத படை" என்று ஒரு வார்த்தை இல்லை. "எங்கள் தலைவன் வீரன்" என்றும் இல்லை. மேலுக்குப் பார்த்தால் தொண்டைமானுக்குத்தான் புகழ்ச்சி. பளபளப்பு அவன் பக்கம், மாளிகை அவன் பக்கம். அதியமான் பக்கம் உடைசலும் குடிசையும். கேட்டுக்கொண்டிருப்பவன் தானாகக் கணக்குப் போட்டு, முடிவை அவனே எடுக்கிறான். அந்த இடத்தில் அவனால் கோபப்படவும் முடியாது, ஏனென்றால் சொன்னது அத்தனையும் அவன் கண்முன்னே இருக்கிற உண்மை. கல்யாண வீட்டுப் பெரியவரும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

இங்கே பொது என்ன? இரண்டு பக்கமும் வேல்தான். வேலையும் யானையையும் ஒப்பிட்டிருந்தால் பாட்டு விழுந்திருக்கும். இரண்டு வேல், இரண்டு இடம், இரண்டு நிலை. 'இவ்வே', 'அவ்வே' என்று ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள் அந்த இரண்டையும் தூக்கி நிறுத்துகின்றன.

பாட்டின் முடிவில் அதியமானைப் பற்றி ஒரு வரி வரும்: இருந்தால் கொடுப்பான், இல்லை என்றால் கூட உட்கார்ந்து உண்பான். இதை மேடையில் சொல்கிறவர்கள் குறைவு. எனக்கு ஆயுதங்களைவிட இந்த வரிதான் பிடிக்கும்.

பெரியார் பேச்சில் முரண் எப்படி வேலை செய்தது?

மேடையில் அவர் அலங்காரம் தேடியவர் இல்லை. அடுக்குமொழி வேண்டுமானால் அண்ணாவிடம் போங்கள். "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற முழக்கம் அந்தத் திராவிட மேடைத் தமிழின் ஓசையில் வந்தது. ஆனால் கருத்தைச் சுருக்கி இரண்டு துண்டாக வைப்பதில் பெரியாரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம்.

"கடவுளை மற, மனிதனை நினை." நான்கு சொற்கள். ஒரே வேற்றுமை உருபு, ஒரே ஏவல் அமைப்பு. இரண்டு பெயர்களும் எதிர், இரண்டு வினைகளும் எதிர். இதில் உடன்படாதவர்கூட ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டார்.

இன்னொன்றில் நுட்பம் அதிகம்: பக்தியைத் தனிச்சொத்து என்றும் ஒழுக்கத்தைப் பொதுச்சொத்து என்றும் பிரித்தது. பக்தியும் ஒழுக்கமும் எதிர் இல்லை. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் ஏராளம், அதுதான் அவருக்குப் பிரச்சினை. அவற்றைப் பிரிக்க 'சொத்து' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்து, அங்கே நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். தனிச்சொத்து எது, பொதுச்சொத்து எது என்று கடைவீதிக்காரருக்கும் காடு தோட்டம் வைத்திருப்பவருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்பவருக்கு நன்றாகத் தெரிந்த கணக்குக்குள் தெரியாத வேறுபாட்டை வைத்துவிட்டார்.

பட்டிமன்றத் தலைப்பே 'இதுவா, அதுவா' என்றுதானே வருகிறது? அங்கே முரண் சுலபம் இல்லையா?

அங்கேதான் கஷ்டம். தலைப்புக் கொடுப்பவர்கள் பல நேரம் எதிரே இல்லாத இரண்டை எதிரெதிரே உட்கார வைத்துவிடுகிறார்கள். 'பெரிதும் வேண்டியது கல்வியா, ஒழுக்கமா?' என்றால் இரண்டும் எங்கே மோதுகின்றன? பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் தங்கள் பக்கத்தைத் தூக்கிப் பேசிவிட்டு எதிர்ப்பக்கத்தைக் கேலி செய்கிறார்கள். கைதட்டு வரும். வாதம் வராது.

நம் பகுதியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று சில வருடங்கள் பெரிய சண்டை நடந்தது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் மண் வாய்க்கால். கடைமடைக்காரர்கள் சொன்னார்கள்: வழியெல்லாம் கசிந்து வீணாகிறது, எங்களுக்கு வந்து சேர்வதில்லை. வாய்க்காலை ஒட்டியிருப்பவர்கள் சொன்னார்கள்: அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது, குடிதண்ணீரும் அதில்தான்.

மேடையில் இதை 'வளர்ச்சியா, சுற்றுச்சூழலா?' என்று தலைப்பாக்கினால் பேச்சு காற்றோடு போய்விடும். 'கசிவு இழப்பா, ஊற்றா?' என்று வைத்துப் பாருங்கள். ஒரே தண்ணீர். ஒருவருடைய ஏட்டில் செலவு, இன்னொருவருடைய ஏட்டில் வரவு. இரண்டு பக்கமும் உழவர், இரண்டு பக்கமும் உண்மை. இப்போது எதிர்ப்பக்கத்தைக் கேலி செய்ய முடியாது, பதில்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கொடுத்த தலைப்பு தளர்வாக இருந்தால், உங்கள் முதல் நிமிடத்திலேயே அதை இறுக்கிக் கட்டிவிடுங்கள். "நடுவர் அவர்களே, கல்வியும் ஒழுக்கமும் எங்கே மோதுகின்றன என்றால்..." என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள். தேர்வில் காப்பியடித்து முதல் மதிப்பெண் வாங்கிய பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மோதல் வந்துவிட்டது.

"இது வெறும் கட்டடம் அல்ல, கல்விக் கோயில்" என்று தொடங்கலாமா?

வேண்டாம். இந்த அச்சு இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. திறப்பு விழாவில், பிளக்ஸ் பேனரில், துணிக்கடை விளம்பரத்தில், பணி நிறைவு விழா வாழ்த்துமடலில். "இது வெறும் புடவை அல்ல, பாரம்பரியம்." அதை வெறும் புடவை என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லாத ஒன்றை நாமே சொல்லி, நாமே மறுத்து, நாமே ஜெயித்துக்கொள்கிறோம். எதிரே ஆள் இல்லாத சண்டை.

உண்மையிலேயே ஒருவர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தால் 'அல்ல' போடுங்கள், அதற்கு மதிப்பு உண்டு. "சென்னிமலையில் நெய்வது போர்வை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று தொடங்கினால் அப்படி நினைக்கும் ஆள் சபையில் நிஜமாகவே இருப்பார், நிமிர்ந்து பார்ப்பார்.

என் ஊரைப் பற்றி ஒரு முரண் வரி எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதிக்கொண்டு வருவது இப்படி இருக்கும்: "ஒரு பக்கம் திருப்பூர் வளர்ந்தது. ஆனால் மறுபக்கம் நொய்யல் அழிந்தது." பொய் இல்லை. ஆனால் 'ஒரு பக்கம்', 'மறுபக்கம்', 'ஆனால்' என்ற மூன்றும் "பாருங்கள், முரண் வருகிறது" என்று முன்கூட்டியே தண்டோரா போடுகின்றன. வளர்ந்தது, அழிந்தது என்பவையும் எந்த ஊருக்கும் பொருந்தும் சொற்கள்.

அவற்றை எடுத்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்போம். துணியைச் சலவைப் பட்டறையில் வெளுத்தார்கள், சாயப்பட்டறையில் நிறம் ஏற்றினார்கள். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போனது. அப்படியானால்: "பனியன் வெளுத்தது, நொய்யல் கறுத்தது." இப்போது பொது கிடைத்துவிட்டது, இரண்டையும் செய்தது ஒரே தண்ணீர்.

இதற்கும் மேலே போகலாம். ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் அணை கட்டினார்கள். சாயக்கழிவு வந்து அதில் தேங்கியது. "பாசனத்துக்குக் கட்டிய அணை, பாய்ச்ச முடியாத தண்ணீர்." இந்த வரியில் என் கைச்சரக்கு ஒன்றும் கிடையாது, நடந்ததே முரணாக இருக்கிறது. நல்ல முரண் பல நேரம் செய்திக்குள் தயாராகவே கிடக்கும், அதன்மேல் மூடியிருக்கும் பெயரடைகளை அகற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சபையில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருடைய மகளும் உட்கார்ந்திருப்பாள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை வந்ததையும், அந்த மூடலில் வேலை போனவர்கள் இருந்ததையும் அடுத்த வரியில் சொல்லுங்கள். இரண்டே பக்கம் வைத்துப் பேசும்போது மூன்றாவது ஆள் காணாமல் போவது முரணின் பெரிய குறை.

அப்புறம் சொல் வரிசை. தமிழில் வினை கடைசியில் வருவதால் கனம் கடைசியில் விழுகிறது. வலுவான பாதியை இரண்டாவதாக வையுங்கள். "நொய்யல் கறுத்தது, பனியன் வெளுத்தது" என்றால் பனியனைக் கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடும்.

ஒரே பொருளே தனக்கு எதிராக நிற்குமா?

நிற்கும், அது அழகான வகை. கெடுப்பதும் மழை, கெட்டவர்களைத் தூக்கி நிறுத்துவதும் மழை என்று வான்சிறப்பில் ஒரு குறள் உண்டு. நம் பக்கம் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பங்குனியில் ஒரு கோடைமழை பெய்தால் மழையை நம்பியிருக்கும் மேட்டாங்காட்டுக்காரர் உழவுக்கு ஆச்சு என்று சிரிப்பார், மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சில வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்.

வெளிநாட்டுப் பேச்சுகளை உதாரணமாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அது ஏன் நிலைத்து நின்றது என்று தெரிந்து சொல்லுங்கள். 1969-இல் நிலவில் கால்வைத்த ஆம்ஸ்ட்ராங் மனிதனுக்குச் சிறிய அடி, மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்றார். அடி, பாய்ச்சல் இரண்டும் காலின் வேலை, பொது அங்கே இருக்கிறது. 1961-இல் கென்னடி, நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேள் என்றார். அதே சொற்களை இடம் மாற்றியது தவிர வேறு ஒன்றும் இல்லை. எதிரெதிரானவை அருகருகே இருக்கும்போது இன்னும் நன்றாக விளங்குகின்றன, அதனால்தான் இந்த நடை இனிக்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதி இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிறது. கென்னடி வரியை மட்டும் கொஞ்ச நாள் ஓய்வில் விடலாம். ஒரே போட்டியில் நாலு பேர் சொல்கிறார்கள்.

இரங்கல் கூட்டத்திலும் கல்யாண மேடையிலும் முரண் பேசலாமா?

இரங்கலில் பேசலாம், அளவோடு. சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இறந்தவரின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கும் எதிர்களை எடுங்கள்: கடையில் கறார், வீட்டில் தாராளம் என்பது போல. இறந்தவரை உயர்த்த உயிரோடிருக்கும் அவர் தம்பியைத் தாழ்த்தாதீர்கள். ஊருக்குள் அது பல வருடம் பேசப்படும்.

கல்யாண மேடையில் மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் இரண்டு பக்கமாக நிறுத்தும் எந்த வரியும் வேண்டாம். சிரிக்க வைக்கிறேன் என்று தொடங்கி சீர்வரிசை வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடப் பேச்சில் எத்தனை முரண் வைக்கலாம்?

பெரியதாக ஒன்று. நடுவில் சின்னதாக இன்னொன்று வந்தால் வரட்டும். வரிக்கு வரி வைத்தால் மூன்றாவது வரியிலேயே கேட்பவர்கள் அடுத்த பாதியைத் தாங்களே முடித்துவிடுவார்கள்.

அந்த ஒன்றைப் பேச்சின் முடிவில் வைத்திருக்கிறேன். அதற்குள் மணி அடித்துவிட்டால்?

அப்படியானால் முடிவில் வைக்காதீர்கள். மூன்றாவது நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள், மீதி நேரத்தில் அதை விளக்குங்கள். விளக்கத்தின் பாதியில் மணி அடித்தால் நன்றி சொல்லி இறங்கிவிடலாம். மதிப்பெண் போடுகிறவர் அந்த வரியை ஏற்கெனவே தாளில் குறித்திருப்பார்.